'புதன்கிழமை ரேஸ்தானே, விடுங்க!': அம்பயரே இல்லாத பாய்மரப் படகுப் போட்டியில் நேர்மைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத் தலைநகர் அனாபொலிஸ். கோடைக்காலப் புதன்கிழமைகளில் ஆபீஸ் முடிந்ததும் ஒரு கூட்டம் வீட்டுக்குப் போகாமல் நேராகப் படகுத்துறைக்குப் போகிறது. அனாபொலிஸ் யாட் கிளப் நடத்தும் வாராந்திர ரேஸுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாய்மரப் படகுகள் செவர்ன் ஆற்றில் திரளும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். அதனால் வார நாளிலேயே ஒரு போட்டியை முடித்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்கும் போய்விடலாம்.

இதில் பெரிய பரிசுப் பணம் கிடையாது. முக்கியமாக, தண்ணீரில் விசில் ஊதும் அம்பயரும் கிடையாது. அதுதான் இந்த விளையாட்டின் பலம். கவனிக்காமல் விட்டால், அதுவே பலவீனமும்கூட.

அதென்ன கீல்போட்?

சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டியது, ஒரே ஒருவர் ஓட்டும் சின்னப் படகு. அது கவிழாமல் இருக்க ஓட்டுபவரின் உடல் எடைதான் துணை. கீல்போட் வேறு ரகம். படகின் அடியில், மீனின் துடுப்பு போலக் கனமான ஒரு பகுதி நீருக்குள் இறங்கியிருக்கும். அதுதான் கீல். படகு பக்கவாட்டில் தள்ளப்படாமலும், சுலபத்தில் கவிழாமலும் அது பார்த்துக்கொள்ளும்.

இந்த வகையில் மிகப் பிரபலமானது ஜே/24. ராட் ஜான்ஸ்டன் வடிவமைத்த இந்த 24 அடிப் படகு, 1977-ல் தயாரிப்புக்கு வந்தது. இதுவரை 5,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. வழக்கமாக 5 பேர் ஓட்டுவார்கள். அவர்களின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக் கூடாது. எல்லாப் படகும் ஒரே அளவு என்பதால், யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்தான் ஜெயித்தவர்.

2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிறகு கீல்போட்டுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. இன்று அதை உயிரோடு வைத்திருப்பதில் கிளப் ரேஸ்களின் பங்கு பெரியது.

5 நிமிடம், 3 விதி

ஓட்டப்பந்தயம் போல நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாது. 5 நிமிடத்துக்கு முன் ஒரு கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது இன்னொன்று ஏறும். 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். முதல் கொடி இறங்கியதும் ரேஸ் ஆரம்பம். அதுவரை எல்லாப் படகும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு விநாடி முன்னால் தாண்டினாலும், திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும்.

காற்றுக்கு நேர் எதிராகப் பாய்மரப் படகு போகாது. சுமார் 45 டிகிரி சாய்வில், இடமும் வலமும் மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். அப்படியானால் படகுகள் குறுக்கிடுவது நிச்சயம். அதற்கு 3 அடிப்படை விதிகள்:

• காற்று இடப்பக்கமிருந்து வரும் படகு, வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும்.

• இரண்டுக்கும் ஒரே பக்கக் காற்று, அருகருகே போகின்றன. அப்போது காற்று வரும் திசைக்கு அருகில் இருப்பதுதான் விலக வேண்டும்.

• பின்னால் வருவது, முன்னால் போவதற்கு வழிவிட வேண்டும்.

உரிமை நம் பக்கம் இருந்தாலும், முடிந்தவரை மோதலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் விதிதான்.

தப்பு செய்தால் யார் தண்டிப்பது?

தப்பு செய்தவரே! வழிவிடத் தவறிய படகு, உடனே ஒதுங்கி இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் போட்டியைத் தொடர வேண்டும். அதற்குள் வேகம் போய்விடும், பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போவார்கள். யாரும் கட்டாயப்படுத்தாத நிலையில், தன் தோல்வியைத் தானே வாங்கிக்கொள்ளும் செயல் இது.

சுற்றவில்லை என்றால்? பாதிக்கப்பட்டவர் 'புரொடெஸ்ட்' என்று கத்தி, சிவப்புக் கொடி காட்டி, கரைக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு விசாரணை நடக்கும். ஏற்கெனவே நேரம் இரவு ஒன்பதை நெருங்கியிருக்கும். மறுநாள் ஆபீஸ். எதிரே நிற்பவரோ அடுத்த வாரமும் பார்த்துச் சிரிக்க வேண்டிய ஆள். 'புதன்கிழமை ரேஸ்தானே, விடுங்க' என்று பலரும் விட்டுவிடுவது இங்கேதான்.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜாலிக்காக வந்த இடத்தை யாரும் கோர்ட்டாக மாற்ற விரும்ப மாட்டார்கள். ஆனால் 'விட்டுக்கொடுப்பது' எப்போதும் யார் என்று பார்க்க வேண்டும். விதி முழுசாகத் தெரியாத புதியவர்தான். இருபது வருஷ அனுபவசாலி சத்தமாக ஒரு வார்த்தை சொன்னால், உரிமை தன் பக்கம் இருந்தும் அவர் விலகிப் போவார். நாலு வாரம் இப்படி நடந்தால், ஐந்தாவது வாரம் வரமாட்டார். தளர்வு என்ற பெயரில் கிடைப்பது சீனியர்களுக்கு மட்டுமான சலுகை.

இதற்கு நடுவழி ஒன்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் ஆர்பிட்ரேஷன். முழு விசாரணைக்கு முன், படகுக்கு ஒருவர் வீதம் ஒரு நடுவர் முன் சில நிமிடம் பேசினால் போதும். தப்பு என்று உணர்ந்தவர் 30 சதவீத ஸ்கோர் பெனால்டியை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வார நாள் ரேஸ் நடத்தும் ஒவ்வொரு கிளப்பும் இதைக் கொண்டுவர வேண்டும்.

பணக்காரர் விளையாட்டுதானே?

படகு, பாய், நிறுத்தும் இடம் என எல்லாமே செலவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 5 பேர் படகில் செலவு பெரும்பாலும் உரிமையாளருடையது. மற்ற 4 பேர் கொண்டுவருவது உழைப்பும் நேரமும். வாராவாரம் அந்த 4 பேரைத் திரட்டுவதுதான் கேப்டன்களின் தீராத தலைவலி. அதனால் முன்பின் அனுபவமே இல்லாத ஒருவருக்கும் இங்கே கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவை மூடுவது பணம் மட்டுமல்ல, கேப்டனின் வாயும்தான். காற்று ஏறும்போது கத்தித் தீர்க்கும் கேப்டனிடம் புதியவர் நிலைக்கமாட்டார். அவருக்கு ஒரே ஒரு கயிற்றை ஒப்படைத்து, எப்போது இழுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால், அடுத்த வாரமும் வருவார்.

சீசன் முழுக்க ஓடிச் சேர்க்கும் புள்ளிகளைச் சில வருஷம் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. யாரும் பார்க்காதபோது இரண்டு சுற்று சுற்றிய படகை, அந்தத் துறையில் இருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். புதன்கிழமைதானே என்று விட்டுவிட்டால், வியாழக்கிழமை முதல் அந்த நம்பிக்கை இருக்காது.