மச்சில் ஏறும் குளிர்சாதனம்

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் மச்சை ஒழித்து, நாற்புறமும் அடைத்து, அங்கே குளிர்சாதனம் பொருத்தி வீடு முழுதும் குழாய் வழியே குளிர் இறக்கப் போகிறார்களாம். அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது சொல்லப்படும் நியாயம். செய்கிறார்கள்தான். ஆனால் கோடையில் வீட்டின் மிக வெப்பமான இடம் கூரையடிப் பரண் என்றும், அங்கே ஓடும் குழாய்களில் குளிர் வீணாகிறது என்றும், முடிந்தால் அவற்றை வீட்டுக்குள்ளேயே அமையுங்கள் என்றும் அந்நாட்டு எரிசக்தித் துறையே அறிவுறுத்துகிறது. அவர்கள் வருந்தும் தவற்றை நாம் வழிமுறையாக இறக்குமதி செய்கிறோம்.

மச்சு என்பது தட்டுமுட்டுச் சாமான் போடும் இடம் மட்டுமன்று. ஓட்டில் ஏறும் வெயிலுக்கும் கீழே உறங்கும் மனிதனுக்கும் நடுவே நிற்கும் காற்று அது. சூடேறிய காற்று ஓட்டிடுக்குகளின் வழியே தானே வெளியேறிவிடும். மின்கட்டணம் கிடையாது. இதை ஓட்டை என்று பார்த்த நாம், வசதி வந்ததும் கான்கிரீட் தளம் போட்டோம். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் நம் தலைமேல் நிதானமாக இறக்குகிறது. பிறகு அந்தத் தளத்தோடு சண்டையிட ஒரு எந்திரம்.

ஒன்றரை டன் என்று கடையில் கேட்கிறோமே, அது எந்திரத்தின் எடை அன்று. ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை அகற்றும் வேகமே ஒரு டன். அகற்றிய வெப்பம் எங்கே போகிறது? தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து எந்திரம் அதைச் சந்தில் கக்குகிறது. எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. அந்தப் பேரிடரில் ஒரு பங்கை நாமே அண்டை வீட்டாருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

1902இல் வில்லிஸ் கேரியர் இந்த எந்திரத்தை வடிவமைத்தது மனிதருக்காக அன்று. புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரத்தில் நீண்டு சுருங்கி வண்ணங்கள் விலகாதிருக்கவே. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை நாம் அறியாதிருப்பது வேடிக்கை. கரிசல் வெயிலைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடும் இலக்கிய அன்பர்களும், நாம் உட்பட, கூரையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

குளிர்சாதனமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முதியவரும் கைக்குழந்தையும் இருக்கும் அறைக்கு அது வேண்டும். ஆனால் முதலில் கூரை. தளமானால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே போடுங்கள், வெள்ளையடியுங்கள். அதன்பின் சிறிய எந்திரம் ஒன்று, ஓர் அறைக்கு மட்டும் போதும்.

கான்சாபுரத்து வீட்டில் மச்சுச் சன்னல்கள் இரண்டையும் இப்போதே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பூச்சு இன்னும் காயவில்லை. இன்றைக்கே பெயர்த்தால் சன்னல் சட்டத்துக்குச் சேதம் வராது.