அம்மா சரியில்லை

பையன் வகுப்பில் அடிக்கிறான், சின்னதற்கெல்லாம் கத்துகிறான், எழுத உட்காரமாட்டேன் என்கிறான். பள்ளிக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? அம்மாவை. அப்பா எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. அவள் வந்து நிற்பதற்குள் தீர்ப்பு தயார்: "அம்மா சரியில்லை."

நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தியின் அம்மா, தம்பிக்காக இப்படி நின்றவர். ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் அதற்குப் பெயர் திமிர். மருத்துவத்தில் அது மனச்சோர்வு.

தாயின் மனச்சோர்வு பிள்ளையின் நடத்தையைத் தொடும் என்பது உண்மை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டு பழியை அவள் தலையில் கட்டுகிறார்கள். மீதியையும் சொல்வோம். அமெரிக்காவில் மிர்னா வெய்ஸ்மன் குழுவினர் 151 தாய்–பிள்ளை இணைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். சிகிச்சையில் மூன்று மாதத்துக்குள் தாய் தேறிய வீடுகளில் பிள்ளைகளின் சிக்கல்களும் குறைந்தன. ஆகவே இந்த உறவு அவள்மீதான குற்றப்பத்திரிகை அல்ல. அவளுக்குச் சிகிச்சை கேட்கும் நியாயம்.

அவள் ஏன் சோர்ந்தாள்? கோவாவில் பிள்ளை பெற்ற பெண்களிடம் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வு (2002) வறுமையையும் கணவனின் வன்முறையையும் சுட்டியது. எண்ணூரில் இன்னும் சேர்த்து எழுதலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரமெங்கும் படிந்தது. வலை வீணானது, படகு கறுத்தது, மீன் வாங்க ஆளில்லை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. போன தூக்கத்துக்குக் கணக்கில்லை. ஆற்றைக் கெடுத்தவர்களை எந்தப் பள்ளியும் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவருகிறவரும் பெண்தான். "தூங்குறியாம்மா?" என்று கேட்கவும் அவருக்குப் பயிற்சி கொடுங்கள், அதற்குச் சம்பளமும் கொடுங்கள். ராவல்பிண்டி கிராமங்களில் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடுதேடிப் போய்ப் பேசியே தாய்மார் பலரை மீட்டதை 2008இல் அதீஃப் ரஹ்மான் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தோழிகளே, உங்களில் பலர் நாளை ஆசிரியர்கள். ஓர் அம்மா வந்து நிற்பாள். முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள். பையனைப் பற்றிப் பிறகு பேசலாம்.