நாய்க்கு ஏது காலண்டர்?

நாய்க்கு ஊசி போடுகிற விஷயத்திலும் இரண்டு கட்சிகள் உண்டு என்பது எனக்கு வெகு நாள் வரை தெரியாது. நாய் வளர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பிரஸ்தாபம் எப்படியும் வந்துவிடுகிறது. "வருஷா வருஷம் எல்லா ஊசியையும் போட்டே தீரவேண்டும்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை, குட்டியில் போட்டதே போதும்" என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகும் இருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

முதலில் வருஷக் கட்சியைக் கவனிப்போம். டிஸ்டெம்பர், பார்வோ, நாய்களுக்கு வருகிற ஈரல் அழற்சி ஆகிய மூன்றுக்கும் குட்டிப் பருவத்தில் பல முறை ஊசி போடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் தங்கியிருக்கும். அது இருக்கும் வரையில் ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. எந்த வாரத்தில் அது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே 6 அல்லது 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் ஆகும் வரை விட்டு விட்டுப் போடுகிறார்கள். பிறகு ஒரு வயதுக்குள் இன்னொன்று. நியாயமான ஏற்பாடு.

அதற்கப்புறமும் வருஷம் தவறாமல் எதற்கு? 1978ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் ரொனால்ட் ஷுல்ட்ஸ், ஃபிரெட் ஸ்காட் என்ற இரண்டு நிபுணர்கள், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்று எழுதிவிட்டார்கள். அந்நாட்டு மிருக ஆஸ்பத்திரிகளின் சங்கம் அதை ஏற்று வழிகாட்டி வெளியிட்டது 2003இல். இருபத்தைந்து வருஷம் கழித்து! உலகச் சிறு பிராணி வைத்தியர் சங்கத்தின் 2024ஆம் வருஷத்து வழிகாட்டியும், வளர்ந்த நாய்க்கு இந்த மூன்று நோய்களுக்கான ஊசியை மூன்று வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டாம் என்றே சொல்கிறது. எலியின் சிறுநீரால் பரவுகிற லெப்டோ நோய்க்கான ஊசி மட்டும் விலக்கு. அதற்கு வருஷக் கணக்குத்தான்.

பின் இந்த வருஷ வழக்கம் எப்படி வந்தது? மருந்து செய்தவர்கள் ஒரு வருஷம் சோதித்துப் பார்த்தார்கள், காப்பு இருந்தது, புட்டியின் மேல் ஒரு வருஷம் என்று அச்சடித்தார்கள். 'ஒரு வருஷம் வரை பார்த்தோம்' என்பது, படிக்கிறவர் கண்ணில் 'ஒரு வருஷத்தோடு சரி' என்று ஆகிவிட்டது.

"ஊசிக்காகவாவது வருஷத்துக்கு ஒரு தடவை நாயைக் கூட்டி வருகிறார்கள், ஸார். அப்போதுதானே பல்லையும் இருதயத்தையும் பார்க்க முடிகிறது?" என்றார் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர். நல்ல எண்ணந்தான். பார்ப்பதற்குப் பீஸ் கேட்டு வாங்கட்டுமே! கோவிலுக்கு ஜனங்களை வரவழைக்கச் சுண்டல் கொடுப்பதில் தவறில்லை. சுண்டலைக் காட்டி இதுதான் சாமி என்று சொல்லக்கூடாது.

இவ்வளவும் படித்துவிட்டு எதிர்க்கட்சி நண்பர்கள் துள்ளிக் குதிப்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். வெறிநோயைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. எல்லா ஊசியையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிவதுதான் இவர்கள் செய்கிற தப்பு. டிஸ்டெம்பர் நாயோடு போகிற நோய். வெறிநோய் நாயோடு நிற்பதில்லை. மனிதனுக்கு அறிகுறி கண்டுவிட்டால் அநேகமாகப் பிழைப்பே கிடையாது.

"லண்டனில் என் பிள்ளை வளர்க்கிற நாய்க்கு அந்த ஊசியே இல்லையே!" என்பார் ஒருவர். வாஸ்தவம். பிரிட்டன் 1922இல் வெறிநோயை ஒழித்துவிட்டது. நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். "அமெரிக்காவில் வெறிநோய் ஊசியே மூன்று வருஷம் தாங்குகிறதாமே?" என்பார் இன்னொருவர். அப்படி அனுமதி பெற்ற ஊசிகள் உண்டு. ஆனால் முதல் ஊசிக்கு ஒரு வருஷம் கழித்து மறு ஊசி போட்ட பிறகே அந்த மூன்று வருஷக் கணக்கு ஆரம்பிக்கிறது. மேலும், மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷந்தான். போடவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. நம் ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை போடுவதுதான் வழக்கம். சென்னை மாநகராட்சி வீட்டு நாய்க்கு லைசென்ஸ் கொடுப்பதற்கும் அந்த ஊசிக்கான அத்தாட்சியைக் கேட்கிறது.

எங்கள் தெருவில் எதிர்க்கட்சி நண்பர் ஒருவர் இருந்தார். "வாசல் தாண்டாத நாய்க்கு எதற்கு ஐயா ஊசி?" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் கேட் சரியாகச் சாத்தவில்லை. நாய் பேப்பர் போடுகிற பையனின் ஆடுசதையைக் கவ்விவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டு அலம்பி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பையனுக்கு ஊசி ஆரம்பித்தார்கள். நாயைக் கட்டிப் போட்டுப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள்.

அந்தப் பத்து நாளும் காலையில் பையனின் தாயார் வருவாள். வீட்டு வேலைக்குப் போகிற வழியில் கேட்டுக்கு வெளியே நின்று, "ஐயா, நாய் நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்று கேட்பாள். நண்பர் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டுவார். அது வாலை ஆட்டும். அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டுப் போவாள். அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி வாதாடின மனிதர், அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் நின்றார்.

நாய் ஆரோக்கியமாகவே இருந்தது. ஊசி போட்ட நாய் கடித்தாலும் பையனுக்கு வைத்தியம் வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவளிடம் காட்டுவதற்கு நண்பர் கையில் ஒரு சீட்டாவது இருந்திருக்கும்.

டிஸ்டெம்பர் ஊசிக்கு மூன்று வருஷம் போதும் என்று உங்கள் டாக்டரிடம் தாராளமாக வாதாடுங்கள். வேண்டுமானால் துணைக்கு நானும் வருகிறேன். வெறிநோய் ஊசியின் தேதி வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். பேசாமல் நாயை அழைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.