கம்பி கட்டியவர் யாரென்று நமக்குத் தெரியும்

கோத்தகிரிப் பக்கம் நாலு பேர் கூடி வேட்டையைப் பற்றிப் பேசினால், பேச்சு வெள்ளைக்காரனில்தான் தொடங்கும். ஊட்டிப் புல்வெளியில் குதிரையேறி, வேட்டை நாய்களை விட்டு நரியை விரட்டியது. பங்களாச் சுவரெல்லாம் கடமான் கொம்பும் வரையாட்டுத் தலையும் மாட்டியது. எல்லாம் நடந்ததுதான். சுட்டுத் தீர்த்ததில் அவர்களுக்கே பயம் வந்து 1877இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் வைத்தார்கள். 1879இல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

இதையெல்லாம் நாம் வாய் வலிக்காமல் சொல்வோம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் தோட்டங்களில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

துப்பாக்கிச் சத்தம் அடங்கியது, கம்பி வந்தது. பைக்கின் பழைய கிளட்ச் கேபிள் ஒன்று போதும். ஒரு முனையில் கண் வைத்து, மறுமுனையை அதற்குள் கோத்தால் சுருக்கு தயார். வேலியில் பன்றி நுழையும் சந்தில் முழங்கால் உயரத்தில் விரித்து வைத்து, சில்வர் ஓக் அடிமரத்தில் முடிந்துவிட்டால் காவலுக்கு ஆள் வேண்டாம். இழுக்க இழுக்க இறுகும். இழுப்பதை நிறுத்தினாலும் தளராது. கேட்டால் பன்றிக்கு வைத்தது என்போம். அந்தச் சந்தில் பன்றி மட்டுமா வரும்? முள்ளம்பன்றி வரும், கேளையாடு வரும், கரடி வரும், சிறுத்தை வரும்.

பன்றி மேல் இருக்கும் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு ராத்திரியில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனால், அந்தப் போகத்துக்கு வாங்கிய கடன் அப்படியே தலையில் நிற்கும். ஆனால் பன்றி தேயிலை தின்னாது. தேயிலைக்குள்ளும் ஓடைக்கரையிலும் கட்டிய கம்பியெல்லாம் கறிக்குக் கட்டியது. இது நம் எல்லோருக்கும் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. கொழுந்து பறிக்கப் போன அக்கா ஒருவர் பாதியிலேயே திரும்பி வந்தார். "தம்பி, ஓடைப் பக்கம் என்னமோ உறுமுது. நாங்க இன்னிக்கு அங்க இறங்க மாட்டோம்" என்றார். போய்ப் பார்த்தோம். சிறுத்தை. கம்பி இடுப்பில் இறுகியிருந்தது. அது சுற்றிச் சுற்றி வந்த வட்டத்தில் புல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண் உழுதாற்போல் கிடந்தது. எட்டிய தேயிலைச் செடிகளையெல்லாம் கடித்துக் குதறியிருந்தது. கிளைகளில் பட்டை உரிந்து வெள்ளை தெரிந்தது. பல் பட்ட இடமெல்லாம் ரத்தம். மயக்க ஊசியோடு டாக்டர் வந்து சேர்வதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அதுவரை நாங்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

வனக்காவலர் கேட்டார்: "யாருங்க கட்டினது?" முப்பது பேராவது நின்றிருப்போம். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. யாரென்று எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் அவரிடம் எங்கள் வீட்டுக்குக் கேளையாட்டுக் கறி வாங்கியிருந்தோம்.

காட்டுக்கறி நமக்கு ஒரு பெருமையாகவே இருந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் காட்டுக்கோழி அடித்துப் போடாவிட்டால் மரியாதைக் குறைவு. இளைப்புக்கு நல்லதென்று கருமந்தியைக் கொன்று லேகியம் காய்ச்சினார்கள். சிறுவயதில் எனக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சோலை மரங்களில் காலையில் கூவும் அந்தக் கருங்குரங்குதான் அந்த உருண்டை என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்த பிறகும் வீட்டில் யாரிடமும் நான் அதைக் கேட்டதில்லை.

வரையாட்டுக்கு இப்போது ஒரு விடிவு தெரிகிறது. மாநில விலங்கு என்ற பெயர் இருக்கிறது, தனித் திட்டம் இருக்கிறது, அதை ஆராய்ந்த டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031; அடுத்த ஆண்டு 1,303. படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் முகடுகளில் நிற்கும் வரையாட்டைச் சுட்டவர்கள் வேறு ஆட்கள். நம் கை பட்டது வேலியோரத்துச் சிற்றுயிர்கள் மேல்: கேளையாடு, முயல், முள்ளம்பன்றி, காட்டுக்கோழி. எங்கள் ஊரில் அவற்றை ஒருவரும் எண்ணி வைக்கவில்லை. எத்தனை இருந்தன, எத்தனை போயின என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட நம்மிடம் இல்லை.

எனக்குத் தெரிந்த கணக்கு காதால் கேட்டதுதான். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், பொழுது சாயும் நேரத்தில் கீழ்ச்சோலையிலிருந்து கேளையாடு நாய் போலக் குரைக்கும். "சிறுத்தை நடமாடுது, உள்ளே வா" என்று அம்மா கூப்பிடுவார். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சத்தத்தை அவள் செல்போனில்தான் கேட்டிருக்கிறாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் வேலியோரமாக நடந்து கம்பி பொறுக்குகிறோம். போன வாரம் மூன்று கிடைத்தன. இரண்டு துருப்பிடித்தவை. மூன்றாவது புதிது, கண் வைத்திருந்த விதத்தைப் பார்த்ததுமே யார் கை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. கம்பி என் அலமாரியில் சுருட்டி வைத்திருக்கிறது. நாங்கள் இன்னும் அந்தக் கதவைத் தட்டவில்லை.