விபத்து வக்கீலும் “தெய்வச் செய”லும்

பாபநாசத்திலிருந்து ஒரு தோழர் நமக்கு எழுதியிருக்கும் கடிதத்தில், “என் மகன் சட்டம் படித்து முடித்துவிட்டு, மோட்டார் விபத்துக் கேஸ்கள்தான் நடத்தப் போகிறேன் என்கிறான். செத்தவன் வீட்டில் பங்கு கேட்கிற தொழில் என்று ஊரார் சிரிக்கிறார்கள். இது யோக்கியமான தொழில்தானா? தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும்” என்பதாகக் கேட்டிருக்கிறார். இது அந்த ஒரு தகப்பனாருக்கு மாத்திரம் உரிய கேள்வியல்லவாதலால் பத்திரிகையிலேயே பதில் எழுதுகிறோம்.

பாபநாசம் என்றால் பாபத்தை நாசம் செய்கிற ஊர் என்று அர்த்தமாம். இருக்கட்டும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் அவ்வூர் வழியாகப் போகும் ரஸ்தாவைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப் போவது விளங்கும். அறுவடைக் காலத்தில் பாதி ரஸ்தாவில் நெல் காய்கிறது. மீதிப் பாதியில் பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகின்றன. நடவுக்கும் களை பறிக்கவும் போகிற பெண்கள் டிராக்டர் பெட்டியிலும் சரக்கு வண்டியிலும் நின்றபடியே போகிறார்கள். குடமுருட்டியில் முழுகினால் பாபம் போகுமோ போகாதோ, சக்கரத்தில் நசுங்கிய கால் மறுபடி முளைப்பதில்லை. பாபத்தைக் கழுவப் போகிற இடத்திலேயே உயிர் போவதும் உண்டு. பக்கத்துக் கும்பகோணத்தில் 1992 பிப்ரவரி 18-ந் தேதி மகாமகக் குளத்தில் நெரிசலில் ஏறக்குறைய ஐம்பது பேர் மாண்டது மறந்து போகுமா?

அடிபட்டவன் வீட்டில் முதலில் என்ன பேச்சு நடக்கிறது? “அவன் தலையெழுத்து”, “ஏழரைச் சனி”, “புறப்பட்ட நேரம் சரியில்லை” என்பவைதான். முதலில் வந்து பணம் வாங்கிப் போகிறவன் ஜோசியன். வண்டியை ஓட்டியவன் குடித்திருந்தானா, பிரேக் பிடித்ததா, வண்டிக்குச் சொந்தக்காரன் யார், இன்ஷூரன்ஸ் உண்டா என்ற கேள்வி பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகாவது வந்தால் பெரிது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் கோர்ட்டில் எத்தனையோ வக்கீல்களை வைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் சம்பளம் வாங்காமலே அவர்களுக்காக நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து வாதாடுகிற வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் விதி.

இந்த விதியானது வீட்டுத் திண்ணையில் மாத்திரம்தான் பேசப்படுகிறது என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. சட்டப் புத்தகத்திலேயே அதற்கு ஓர் ஆசனம் போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கொண்டு வந்த சட்டத்தில் “தெய்வச் செயல்” என்று ஓர் எதிர்வாதம் உண்டு. மனிதன் எவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்தும் தடுக்க முடியாத இயற்கை உற்பாதத்துக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்ததும், தடுத்திருக்கக் கூடியதற்கெல்லாம் அந்தப் போர்வையைப் போர்த்தப் பார்க்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்லுகிறோம். தனியார் பஸ் ஒன்று இரவு நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. வழியில் உயர் அழுத்த மின்சாரக் கம்பி ஒன்று தாழத் தொங்கிக் கொண்டிருந்தது. பிரயாணிகள் அதைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். டிரைவர் கேளாமல் வண்டியை விட்டான். 26 பேருக்கு ஆபத்து நேர்ந்தது. அவர்களில் 8 பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். கை கால் இழந்தவர்கள் பலர். டிரைவர் மேல் கிரிமினல் கேஸ் வந்தது. தீர்ப்பு என்ன தெரியுமா? இது தெய்வச் செயல், ஆகையால் டிரைவர் குற்றவாளியல்ல என்று விடுதலை! தொங்கிய கம்பி மின்சாரக் கம்பி, ஓடிய வண்டி பஸ், ஓட்டியவன் மனிதன், கூவி எச்சரித்தவர்களும் மனிதர்கள். இதில் தெய்வம் எந்த வாசலில் ஏறியது, எந்த ஸீட்டில் உட்கார்ந்தது என்று கேட்கிறோம்.

நஷ்டஈட்டுக் கேஸில் பஸ் முதலாளி இந்த விடுதலையையே பிடித்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார். 1980-இல் அங்கே அவர் தோற்றார். கிரிமினல் கேஸில் விடுதலையானதனால் நஷ்டஈட்டுப் பொறுப்பு நீங்கிவிடாது, சில்லறைச் சந்தேகங்களையும் சட்ட நுணுக்கங்களையும் காட்டி அடிபட்டவர்களைக் கைவிடக் கூடாது என்று தீர்ப்பாயங்களுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. தெய்வச் செயல் என்ற சொல்லை எழுதுமிடத்தில் அந்தத் தீர்ப்பு ஓர் ஆச்சரியக் குறியையும் போட்டிருக்கிறது. அந்த ஒரு குறிக்கு நாம் நூறு மேடைப் பிரசங்கங்களைக் கொடுக்கலாம்.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பட்டத்துக்காக ஒருவரைத் தூக்கிப் பேசுகிற வழக்கம் நமக்கில்லை. அதற்காகவே ஒருவர் செய்த நன்மையை மறைக்கிற வழக்கமும் இல்லை. இவர் பாலக்காட்டுப் பக்கத்தில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, 1938 முதல் தலைச்சேரியில் வக்கீலாக இருந்தவர். குடியானவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கேஸ் நடத்தியவர். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-இல் சிறையில் வைக்கப்பட்டவர். 1957-இல் கேரளத்தில் மந்திரியானார். 1973 முதல் 1980 வரையில் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜாக இருந்தார். அரியானாவில் சர்க்கார் பஸ் மோதிப் புருஷனை இழந்த ஒரு பெண், கோர்ட்டு பீஸ் கட்ட வழியில்லை என்றபோது, அந்தச் சர்க்கார் மனம் இரங்காமல், பீஸ் கட்டாமல் கேட்க அவளுக்கு உரிமையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு வரை இழுத்தது. 1979-இல் அந்த அப்பீலைத் தள்ளியவரும் இவரே. பிழை யாருடையது என்று நிரூபிக்காமலே அடிபட்டவனுக்கு ஓரளவு பணம் கிடைக்கச் சட்டம் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1982-இல் சட்டம் வந்தது. அப்போது சாவுக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அமுலில் உள்ள திருத்தத்தின்படி சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம்.

இப்படிப்பட்டவர், 1974-இல் மனைவி இறந்த பிறகு, இறந்தவர்களோடு பேச முடியும் என்று நம்பத் தொடங்கினார். துக்கம் அறிவை எந்த இடத்தில் பிடிக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. அதில் நமக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஆனாலும் தம் வீட்டுத் துக்கத்துக்கு ஆவியைத் தேடிய அந்த மனிதர், பஸ்ஸில் செத்தவர்கள் குடும்பத்துக்கு ஆவியைக் காட்டவில்லை. முதலாளியின் பணப்பையைத்தான் காட்டினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிற்க, நஷ்டஈடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தோழரின் மகன் கற்றிருப்பார். வாசகர்களும் அறிய வேண்டும். 35 வயதுள்ள கூலிக்காரர் ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் வரும்படி, அவரை நம்பி நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். வருஷ வரும்படி 1,20,000. பின்னால் கூலி உயரக் கூடியதற்காக 40 சதவிகிதம் சேர்த்தால் 1,68,000. அவர் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,26,000. அந்த வயதுக்கு உரிய 16-ஆல் பெருக்கினால் 20,16,000 ரூபாய். இந்தக் கணக்கு 2009, 2017 வருஷங்களில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் 50,000 சம்பளக்காரர் அதே பஸ்ஸில் செத்தால் ஐந்து பங்கு கூலிக்காரரைப் போல வாங்குகிறாரே! ஜாதிக்குத் தக்கபடி தண்டனை வைத்த மனுவைக் கண்டிக்கிற நாம், வரும்படிக்குத் தக்கபடி உயிருக்கு விலை வைக்கிறதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ள முடியுமா? அன்றியும், அந்த 10,000-ஐ நிரூபிக்கக் கூலிக்காரனிடம் ரசீது ஏது? சம்பளச் சீட்டு ஏது? இங்கேதான் வக்கீலின் யோக்கியதை பரீட்சைக்கு வருகிறது. ஊருக்குள் போய் உட்கார்ந்து, கூலி கொடுத்த மிராசுதாரரையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, நடவுக்கு இவ்வளவு, அறுப்புக்கு இவ்வளவு என்று சொல்ல வைக்கிறவன் ஒரு வக்கீல். கோர்ட்டு ஏதோ போட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவன் இன்னொரு வக்கீல்.

பெண்களின் சங்கதி இன்னும் மோசம். 1994-இல் சேர்த்த அட்டவணையில், சம்பாதியாத மனைவி செத்தால் அவளுடைய வரும்படியாகப் புருஷன் வரும்படியில் மூன்றில் ஒரு பங்கைக் கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள். விடிகாலையில் எழுந்து சோறாக்கி, மாடு கட்டி, பிள்ளை வளர்த்து, கிழவர்களைக் கவனிக்கிறவள் “சம்பாதியாதவள்”! 2010-இலும் 2021-இலும் சுப்ரீம் கோர்ட்டு வீட்டு வேலையும் வேலைதான், அதற்கு மதிப்புண்டு என்று சொல்லிவிட்டது. விதவை மறுமணம் செய்துகொண்டால் நஷ்டஈடு இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று வாதாடியதை 2023-இல் பம்பாய் ஐகோர்ட்டு தள்ளிவிட்டது. சாஸ்திரிகள் விட்ட இடத்தில் கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் போலும்!

இனித் தொழிலின் அழுக்கையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாகப் பதில் சொன்னவர்களாக மாட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் தரகர்களை நிறுத்திக் கேஸ் பிடிக்கிற வக்கீல்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் நடவாத விபத்துக்கும் நஷ்டஈடு கேட்ட மோசடிகளை விசாரிக்க 2015-இல் ஐகோர்ட்டு தனிப் போலீஸ் படையை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பீஸ் விஷயமும் அப்படியே. வெற்றியில் பங்கு பேசிக்கொள்ளக் கூடாது என்பது இந்நாட்டு வக்கீல் விதி. பாதிப் பங்கு பேசிய பெரிய வக்கீல் ஒருவரை 1954-இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. அமெரிக்காவிலோ மூன்றில் ஒரு பங்கு என்று பகிரங்கமாகவே பேசிக்கொள்கிறார்கள். இங்கே விதி புத்தகத்தில் இருக்கிறது, பங்கு பைக்குள் போகிறது. முன்பணம் கொடுக்க முடியாத ஏழை வேறென்ன செய்வான்? ஆகவே நம் அபிப்பிராயம், இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பு கட்டி, எழுத்தில் எழுதி, கோர்ட்டு பார்வையில் வாங்கும்படி செய்வதே மேல் என்பதாகும். மறைவில்தான் கொள்ளை நடக்கிறது.

கோர்ட்டுக்கு வெளியே அந்த வக்கீல் எப்படி வாழுகிறார் என்பதையும் கேட்க வேண்டும். பகலில் “இது விதியல்ல, டிரைவரின் அஜாக்கிரதை” என்று கனம் கோர்ட்டார் முன் முழங்கிவிட்டு, மறுநாள் பெட்டிஷன் போட ராகு காலம் பார்க்கிறவர் எத்தனை பேர்? புதுக் கார் வாங்கியதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவர் எத்தனை பேர்? அந்தப் பழத்தை நம்புகிறவர், எதிர்க்கக்ஷி வக்கீல் தெய்வச் செயல் என்று சொன்னால் எந்த முகத்தோடு மறுப்பார்? தோழரின் மகன் தொழிலில் இறங்குமுன் தம் வீட்டுப் பஞ்சாங்கத்தை இறக்கிவிட வேண்டும்.

பாபநாசத்துக்குப் பத்து மைல் தொலைவில் 2004 ஜூலை 16-ந் தேதி பள்ளிக்கூடக் கூரை பற்றி 94 குழந்தைகள் வெந்து மாண்டார்கள். கீற்றுக் கூரைக்கு அடியில் குழந்தைகளை அடைத்து வைத்தது அக்கினி பகவான் அல்ல. கிரிமினல் தீர்ப்பு வரப் பத்து வருஷம் பிடித்தது. அந்தப் பெற்றோர்கள் பக்கம் நின்று அலைய வக்கீல் வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செத்த வீட்டில் பங்கு கேட்பது என்று சிரிக்கிறவர்கள், தங்கள் வீட்டில் அப்படி நேர்ந்தால் யாரிடம் ஓடுவார்கள்?

ஆதலால் தோழருக்குச் சொல்லுகிறோம், மகன் தாராளமாகப் போகட்டும். முதல் காரியமாக அவர் நடவுக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். மோட்டார் வண்டி அடித்தால் உடனே போலீசில் எழுதி வைத்து நகல் வாங்க வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனுப் போட வேண்டும் என்று 2019-இல் திருத்திய சட்டம் சொல்லுகிறது. அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடப்பட்டிருந்தாலும், அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. வெற்றுக் காகிதத்தில் யார் கேட்டாலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்கக் கூடாது. சரக்கு வண்டியில் பிரயாணியாக ஏறிப் போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-இல் தீர்ப்பாகியிருக்கிறது. மூட்டையோடு போகிற மூட்டைக்காரருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. நடவுக்குப் போகிற பெண்ணுக்கு இல்லை. ஆகவே டிராக்டர் பெட்டியில் ஏறச் சொல்லுகிற மிராசுதாரரிடம், எங்கள் பேருக்கும் இன்ஷூரன்ஸ் கட்டினாயா என்று ஏறுவதற்கு முன்னாலேயே பெண்கள் கேட்க வேண்டும். கட்டவில்லை என்றால் பஸ் சார்ஜைக் கேட்டு வாங்க வேண்டும்.