திறப்பைக் காணவில்லை என்பது ஒரு பதிலா?



"நூலகத்தை ஏன் திறக்கவில்லை?" "திறப்பைக் காணவில்லை சேர்." இந்தப் பதிலை நம்மூரில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? பாடசாலை நூலகம், விஞ்ஞான ஆய்வுகூடம், விளையாட்டுச் சாமான் அறை, பள்ளிவாசல் களஞ்சியம் என்று எங்கும் இதே கதைதான். திறப்பை வைத்திருந்தவர் இடமாற்றத்தில் போயிருப்பார், இல்லாவிட்டால் கட்டாருக்குப் போயிருப்பார். ஓர் ஆமைப்பூட்டு மாதக்கணக்கில் தொங்கும். உள்ளே புத்தகத்தைக் கறையான் தின்னும். சாதாரண தரப் பிள்ளை செய்முறையைக் கண்ணால் காணாமலே பரீட்சைக்குப் போகும்.

அந்தப் பூட்டின் விலை, நாலு பேர் கொத்து ரொட்டி சாப்பிடுகிற காசு கூட வராது.

"உடைக்கக் கூடாது, அது அமானிதம்" என்கிறார்கள் சிலர். அமானிதம் பூட்டா, உள்ளே இருக்கிற பொருளா? ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் கஃபாவின் திறப்பை உஸ்மான் இப்னு தல்ஹா (ரழி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றும் அது பனூ ஷைபா குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது. 1400 வருடமாக அந்தத் திறப்பு யாரிடம் என்று உலகத்துக்கே தெரியும். நம்மூர் நூலகத் திறப்பு போன வருடம் யாரிடம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. அமானிதத்தைப் பற்றிப் பேசுவதானால் இங்கிருந்து தொடங்குவோம்.

உண்மைக் காரணம் வேறு. "நான் உடைத்து, உள்ளே ஏதும் குறைந்தால் பழி என் தலையில்" என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது. முதலில் பழைய பொறுப்பாளருக்கு ஒரு கோல் எடுங்கள். கிடைக்காவிட்டால் அதிபர், ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர் என மூன்று பேர் முன்னிலையில் வெட்டுங்கள். வெட்டுமுன் பூட்டையும், திறந்தவுடன் அறையையும் படம் எடுங்கள். பொருட்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதி மூவரும் கையொப்பமிடுங்கள். பழி போட ஆளில்லை.

சுத்தியலால் அடிக்காதீர்கள். பூட்டுக்கு முன் கதவும் நிலையும்தான் உடையும். சிறிய பூட்டின் வளைந்த கம்பியை ஹெக்ஸோ பிளேட்டே அறுத்துவிடும். பிளேட் வழுக்கிக்கொண்டே போனால் அது கடினமாக்கப்பட்ட இரும்பு. வெல்டிங் கடைத் தம்பியைக் கிரைண்டரோடு கூப்பிடுங்கள். கண்ணாடி போட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆய்வுகூட வாசலில் கிரைண்டர் வேண்டாம், உள்ளே இரசாயனமும் காஸும் இருக்கும், தீப்பொறி பறக்கும். கொண்டியின் ஸ்குரூ வெளியே தெரிந்தால் அதைக் கழற்றினாலே போதும். அப்படிக் கழற்ற முடிகிற கதவைப் பூட்டி வைத்துத்தான் இவ்வளவு நாளும் 'பாதுகாப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள்!

புதுப் பூட்டுக்கு இரண்டு திறப்பாவது இருக்க வேண்டும். ஒன்று பெயர் எழுதி அலுவலகப் பலகையில். மற்றது ஒட்டிய உறையில் அதிபரின் அலுமாரியில். இடமாற்றம் பெறுகிறவர் திறப்பைக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்த பிறகுதான் பிரியாவிடை, மாலை, சாப்பாடு எல்லாம்.

பெற்றோர்களே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் பாடசாலையில் திறக்கப்படாத அறை எத்தனை? பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது பின்பக்கக் கேற் பூட்டியிருந்தால், அதன் திறப்பு அந்த நிமிடத்தில் யார் கையில்?

முதல் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் படிப்பு போகும். இரண்டாவதற்குப் பதில் இல்லாவிட்டால், ஒரு தீ வந்தால், அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், உயிர் போகும். பூட்டு போனால் ஹாட்வெயார் கடையில் வாங்கலாம்.