தறிக்குழியில் தண்ணீர்

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் தொடங்கிவிட்டது என்பதை எங்கள் பக்கம் வெள்ளைத் தொப்பிகளே சொல்லிவிடும். சந்தவாசலிலிருந்து படவேடு திரும்பும் கல்லூரி வேன், பள்ளிக்கூட வராண்டாவில் விரித்த ஜமக்காளம், ரேணுகாம்பாள் கோயில் தெருவை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு போகும் பிள்ளைகள், பேனரைப் பிடித்தபடி ஒரு குரூப் போட்டோ. ஏழாம் நாள் நிறைவு விழா. எட்டாம் நாள் கற்பூர அட்டையும் தேங்காய் நாரும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, நடுவில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். முதல் நாள் தன் பேரைச் சொல்லவே நெளிந்த பெண் ஐந்தாம் நாள் மைக்கைப் பிடித்துப் பேசுவதையும், வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத பையன் ஐம்பது பேருக்குச் சாம்பார் கொதிக்கவிடுவதையும் பார்த்திருக்கிறேன். வகுப்பறையில் நடக்காத காரியம் அது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு முகாமில் மாணவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது நானும் கூடப் போனேன். பட்டுத்தறி உள்ள வீடு. எத்தனை பேர், கழிப்பறை உண்டா, கேஸ் உண்டா என்று படிவத்தில் இருந்ததை ஒரு மாணவர் கேட்டுக்கொண்டே வந்தார். ஊடை நூலுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்: “போன வருசம் வந்த புள்ளைங்களும் இதத்தான் எழுதிக்கினு போச்சுங்க. மழ பேஞ்சா தறிக்குழியில தண்ணி பூருதே, அத எப்ப எழுதப் போற கண்ணு?” அந்த மாணவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தண்ணீரை எழுத அதில் கட்டம் இல்லை.

ஆரணி வட்டாரத்துக் குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். தெருவில் சிமென்ட் ரோட்டின் மேல் சிமென்ட் ரோடு போட்டு மட்டம் ஏறிக்கொண்டே போக, பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன. மழைத் தண்ணீர் நேரே குழியில் இறங்குகிறது. ஈரம் ஏறினால் பட்டுப் பாவு சொன்னபடி கேட்காது. குழி காயும்வரை தறி நிற்கும். கூலி சேலைக் கணக்கு என்பதால் தறி நின்றால் அடுப்பும் யோசிக்கும்.

தெருவுக்கு வடிகால் போடுவது ஊராட்சியின் வேலை. அதைக் கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். பதினெட்டு வயதாகி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் யாரும் எழுந்து பேசலாம், வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். அன்றைக்கு என்னோடு வந்தவர்கள் அத்தனை பேரும் வாக்காளர்கள்தாம். கிராம சபையில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ஓடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கும் வழி அடைபட்ட காலத்தில், எழுந்து நின்று பேசத் தெரிந்தவர்கள் சபைக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்கள்.

தீர்மானம் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலம். படைவீட்டு (இன்றைய படவேடு) ராஜ்யத்து அந்தணர்கள், தமிழர், கன்னடர், தெலுங்கர் எனப் பல மொழிக்காரர்கள் கூடி, பெண்ணுக்குப் பொன் வாங்கிக் கல்யாணம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். வாங்கினவருக்கும் தண்டனை, கொடுத்தவருக்கும் தண்டனை; சமூக விலக்கும் உண்டு. கீழே பலர் கையெழுத்து. ஒரு சாதிக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. ஜனநாயகம் என்று தலையில் வைத்து ஆட வேண்டாம். ஆனால் யார், எதை, மீறினால் என்ன, யார் பொறுப்பு என்ற நான்கையும் ஒரே கல்லில் எழுதி முடித்திருக்கிறார்கள். முதுகலை படிக்கும் பிள்ளையிடம் வடிகால் கேட்டு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். ‘சமூகத்தின் இன்றியமையாத தேவை’ என்று முக்கால் பக்கம் போகும். எந்தத் தெரு, எத்தனை தறி, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போக வேண்டும் என்பது வராது.

முகாம் நடக்கும் ஊரில் மாணவர்கள் விருந்தாளிகள்தாம். அங்கே அவர்களுக்கு ஓட்டு இல்லை, குறைவெண் கணக்கிலும் சேர மாட்டார்கள். அந்த ஊர்க் கிராம சபையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும். நோட்டீஸ் எப்போது ஒட்டினார்கள், கணக்கை வாசித்தார்களா, பெண்கள் பேசினார்களா, பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று குறித்துக்கொள்ளட்டும். ஏறவில்லை என்றால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு போடலாம் என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். அடுத்த சபைக்கு அவரவர் சொந்த ஊருக்குப் போக வேண்டும். போய் ஒரு பொருளைப் பேசிவிட்டு வந்தால், அந்த நேரத்தை 240 மணியில் கழித்துக்கொள்ளலாமே. உள்ளாட்சியில் நிற்க 21 வயது போதும். 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்த வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவராகவே வந்தார்.

இதை ஒரு திட்ட அலுவலரிடம் சொன்னேன். நல்ல மனிதர், முகாம் செலவுக்குச் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுப் பில்லுக்கு அலைகிறவர். “ஜனவரி 26 அன்னைக்கு காலேஜ்ல கொடியேத்தணுமே சார்” என்றார். கொடியேற்றம் ஒன்பதுக்குள் முடிந்துவிடும், கிராம சபை பதினொரு மணிக்குத்தான் என்றேன். வேன் கிடைக்குமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.